மரியாதைத் துளை

பகேரியாவுக்கு அப்பால், எலுமிச்சைத் தோட்டங்கள் முடிந்து மொட்டைக் குன்றுகள் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ள புனித உபெர்த்துஸ் குறிநோக்கிக் கழகத்தைப் பற்றி மரியாதைக் குறைவாக எதையும் சொல்லிவிட இயலாது. மரியாதையைத் தவிர வேறொன்றும் அங்கே இல்லை என்பதே அதற்குக் காரணம்.

குறிநோக்கி என்பது துப்பாக்கியின் முதுகில் பூட்டப்படும் சிறிய தொலைநோக்கி. அதன் தலையில் ஒன்றும் விலாவில் ஒன்றுமாக இரண்டு குமிழ்கள் உண்டு. ஒன்றைத் திருகினால் குறி மேலும் கீழும் நகரும். மற்றதைத் திருகினால் இடமும் வலமும் நகரும். எவ்வளவு திருகினாலும், பழைய எண்ணுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததும் குண்டு பழைய துளையிலேயே விழவேண்டும். விழுந்தால் அது நம்பத்தக்க குறிநோக்கி. விழாவிட்டால், உலகின் பிற பகுதிகளில், அது நம்பத்தகாத குறிநோக்கி எனப்படும். கழகத்தின் வரலாற்றில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

கழகத்தின் பொன்முத்திரை ஒட்டப்பட்ட குறிநோக்கியைச் சிசிலித் தீவின் வேட்டைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். முத்திரை வழங்குவது தொழில்நுட்பக் குழு. அக்குழுவின் தலைவரும் செயலாளரும் ஒரே உறுப்பினரும் பொறியியலாளர் குவாத்ரோக்கி. குறிநோக்கிகளை விற்பவர் அவருடைய மைத்துனர். இதில் பிழையாக எண்ணுவதற்கு எதுவுமில்லை. பொருளை நன்கறிந்த குடும்பம் என்றே கொள்ளவேண்டும்.

கழகத் தலைவர், கொம்மெந்தத்தோரே என்னும் அரசுப் பட்டம் பெற்ற பலாத்சோலோ, காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய் வெறுங்கையுடன் திரும்பும்போதெல்லாம் குழு கூடி ஆராய்வது வழக்கம். ஒருமுறை சிரோக்கோக் காற்று குற்றவாளியாகக் காணப்பட்டது. மறுமுறை வெடிமருந்து. கடைசியாக நடந்த விசாரணையில், பன்றி அசைந்துவிட்டது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. குறிநோக்கியைச் சந்தேகிக்கும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. அதில் முத்திரை இருந்தது.

இக்கழகத்தில் துப்புரவு வேலை செய்பவள் றெபேக்கா. மன்னாரைச் சேர்ந்தவள். பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாவில், பலாரோச் சந்தையின் மீன்வாடை எட்டும் ஒரு சந்தில் கணவன் பீலிக்ஸுடன் குடியிருக்கிறாள். அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இந்நாட்டில் வசிப்பதற்கான அனுமதி, முடிவடையும் தறுவாயில் இருந்தது. அதைப் புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் கொம்மெந்தத்தோரேயின் கையொப்பம் வேண்டும்.

"கையெழுத்துப் போட்டவரே?" என்று பீலிக்ஸ் ஒவ்வொரு மாலையும் கேட்டான்.

"நம்பகத்தன்மைத் திருநாள் முடியட்டாம்."

"சுடுறதுக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அதுக்கு முதல் பேனை பிடிச்சா கை களைச்சுப்போமாம்."

"கை களைக்கிற மனிசனிட்டைத் துவக்கைக் குடுத்து வைச்சிருக்கினம்," என்றான் பீலிக்ஸ். "நீர் குனிஞ்சு நிண்டு வேலை செய்யும்."

நம்பகத்தன்மைத் திருநாள் என்பது ஆண்டுதோறும் எல்லாக் குறிநோக்கிகளையும் சோதித்து முத்திரையைப் புதுப்பிக்கும் நாள். அதற்கு முந்திய நாள், குறிநோக்கிகளைத் துப்பாக்கிகளிலிருந்து கழற்றி, மண்டபத்தில் செம்பட்டு மெத்தைகளின் மேல் கிடத்தி, பங்குத்தந்தையை அழைத்துத் தீர்த்தம் தெளிப்பார்கள். பின்னர் அவை இரவு முழுவதும் ஓய்வெடுக்கும். பூட்டியதைக் கழற்றினால் குறி பிசகிவிடும் என்று விவரமறியாதவர்கள் கூறக்கூடும். பிசகாது என்று குழு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது.

ஒவ்வொரு மெத்தையின் முன்னும் ஒரு பித்தளைத் தகடு உண்டு. அதில் உரிமையாளரின் பெயரும், அவருடைய குறிநோக்கியின் தலைக்குமிழ் நிற்கவேண்டிய எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். குறியெண் என்று அதை அழைப்பார்கள். ஒருவருடைய குறியெண்ணைத் தவறாகச் சொல்வது அவருடைய தாயாரை இழிவாகப் பேசுவதற்கு ஒப்பானது. கொம்மெந்தத்தோரேயின் குறியெண் நாற்பத்தொன்று. அது அவருடைய தந்தையாரின் குறிநோக்கியிலிருந்து மரபுரிமையாக அவருக்கு வந்தது. தந்தையாரின் குறிநோக்கி வேறொன்று என்பதும், அது போரின்போது தொலைந்துபோனது என்பதும் எண்ணின் தகுதியைக் குறைப்பதாகக் கருதப்படவில்லை.

அன்று பங்குத்தந்தை சற்றுத் தாராளமாகவே தெளித்துவிட்டார். கண்ணாடிகளில் நீர்த்துளிகள் நின்றன.

"சிஞ்ஞோரா றெபேக்கா, துடைத்துவிட்டுப் போங்கள்," என்றார் பொறியியலாளர் குவாத்ரோக்கி. "பஞ்சுபோல. இவை கருவிகள் அல்ல, எங்கள் மனச்சாட்சிகள்."

றெபேக்கா ஒவ்வொரு மனச்சாட்சியையும் பஞ்சுபோலத் துடைத்தாள். தீர்த்தம் பட்ட துணியைத் தரைகழுவும் வாளியில் பிழிய மனம் வரவில்லை. வெளியே போய் எலுமிச்சை மரத்தின் அடியில் பிழிந்துவிட்டு வந்தாள். விளக்கை அணைக்கப் போனபோதுதான் குமிழ்களைக் கண்டாள். ஒன்று இருபத்தாறில் நின்றது, ஒன்று ஒன்பதில், கொம்மெந்தத்தோரேயினுடையது நாற்பத்தொன்றில்.

பலெர்மோவில் சிஞ்ஞோராக்களின் வீடுகளில் வேலை செய்த நம்மவர்களின் விரல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புறப்படுமுன் அடுப்பின் குமிழ், கணப்பின் குமிழ், ஸ்திரிக்கைப் பெட்டியின் குமிழ் என அனைத்தும் பூச்சியத்தில் நிற்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தே கதவைச் சாத்துவார்கள். மறந்துவிட்டால் பேருந்தில் பாதிவழி போனபின்னும் இறங்கித் திரும்பி வருவார்கள். நாற்பத்தொன்றில் எரியும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டு ரயிலேற றெபேக்காவால் எப்படி முடியும்? மெத்தை மெத்தையாகச் சென்று எல்லாக் குமிழ்களையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாள். திருகும்போது அவை இனிமையாகச் சொடுக்கின. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, நிம்மதியாக பலெர்மோவுக்கு ரயிலேறினாள்.

மறுநாள் காலை கழகத்தின் கீதம் இருமுறை பாடப்பட்டது. குறிநோக்கிகளை மெத்தைகளுடன் ஏந்திவந்து துப்பாக்கிகளில் பூட்டினார்கள். பூட்டும்போது குமிழைப் பார்ப்பது வழக்கமில்லை. சொந்த மனச்சாட்சியைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும். முதலில் கொம்மெந்தத்தோரே படுத்தார். அவர் படுப்பதற்கு இருவர் உதவினார்கள்.

இலக்குப் பலகைகள் தொலைவில், ஒரு பள்ளத்தின் மேல் வரிசையாக நின்றன. பள்ளத்தில் இருந்தவன் சுரேஸ். பலெர்மோவின் சீசாப் பகுதியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தான், நாற்பதைக் கடந்தவன். வெடி தீர்ந்ததும் பலகையை இறக்கி, துளைகளைப் பார்த்து, தொலைபேசியில் அறிவிப்பது அவனுடைய வேலை. அவனுக்குக் கோப்பி கொண்டுபோகும்படி றெபேக்காவை அனுப்பியிருந்தார்கள். சுற்றுப்பாதையில் அவள் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோது கொம்மெந்தத்தோரே சுட்டுக்கொண்டிருந்தார். ஓசை குன்றுகளில் மோதித் திரும்பியது. சுரேஸ் பலகையை இறக்கினான். தாளில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் காதிலிருந்து பென்சிலை எடுத்து, நடுவட்டத்தில் நிதானமாக ஒரு துளை போட்டான்.

"என்ன தம்பி குத்துறீர்?"

"மரியாதை, அக்கா."

"குண்டு வரேல்லையே?"

"குண்டு எப்ப வந்தது?" சுரேஸ் கோப்பியை வாங்கிக்கொண்டான். "எனக்கு முதல் இருந்தவரும் இப்பிடித்தான். தலைவருக்கு நடுவிலை. இஞ்சினியருக்கு நடுவுக்குக் கொஞ்சம் பக்கத்திலை. மற்ற ஆக்களுக்கு ஓரத்திலை. சந்தா கட்டாதவனுக்கு ஒண்டும் இல்லை."

"அவைக்குத் தெரியாதே?"

"ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு பெட்டி பென்சில் வரும். ஏன் எண்டு நானும் கேக்கிறேல்லை, அவையும் சொல்லுறேல்லை."

மேலே மறுபடி வெடியோசை எழுந்தது. றெபேக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. இந்தக் காணியிலை ஆகப் பாதுகாப்பான இடம் இதுதான். அங்கை பாருங்கோ."

வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வெடிச்சத்தம் தொடங்கியதுமே புறப்பட்டு வந்து, இலக்குப் பலகைகளின் முன்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவை பலகாலமாக அங்கே மேய்பவை.

அன்று எல்லாக் குறிநோக்கிகளும் சோதனையில் தேறின. எண்ணைப் பாராமல், சொடுக்குகளை எண்ணியே குமிழ்கள் திருகப்பட்டன, திருப்பப்பட்டன. ஒவ்வொரு முறையும் குண்டு பழைய துளையிலேயே விழுந்ததாகப் பள்ளத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பொறியியலாளர் முத்திரைத் தாளைக் கையிலெடுத்தார். முதல் முத்திரையை ஒட்டுவதற்காகக் கொம்மெந்தத்தோரேயின் குறிநோக்கியின் மேல் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"பூச்சியம்," என்றார்.

உறுப்பினர்கள் தத்தம் துப்பாக்கிகளை நோக்கி நடந்தார்கள், கௌரவமானவர்கள் ஓடுவதில்லை. எல்லாக் குமிழ்களும் பூச்சியத்தில் நின்றன. ஒருவர் தகட்டிலிருந்த தம் எண்ணைத் தடவிக்கொண்டு கண்கலங்கினார். கையொப்பத்துக்காகக் கொம்மெந்தத்தோரேயின் மேசைமேல் எடுத்து வைக்கப்பட்டிருந்த றெபேக்காவின் ஒப்பந்தம், விசாரணை முடியும்வரை இழுப்பறைக்குத் திரும்பிப் போனது.

விசாரணை அன்று பிற்பகலே மண்டபத்தில் நடந்தது. வேட்டைக்காரர்களின் பாதுகாவலரான புனித உபெர்த்துஸின் சுருபத்தின் கீழ் கொம்மெந்தத்தோரே அமர்ந்தார்.

"எவர் செய்தது?" என்று கேட்டார்.

றெபேக்கா கையை உயர்த்தினாள். "நான்தான், பிரெசிதெந்தே. துடைத்த பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனேன்."

"அணைத்தீர்களா?"

"பூச்சியத்தில் வைத்தேன். தீப்பிடித்துவிடக் கூடாதென்று."

இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேறெந்த நிறுவனத்துக்கும் போதுமானதாக இருந்திருக்கும். பொறியியலாளர் குவாத்ரோக்கி எழுந்தார்.

"கண்ணியமிக்க கனவான்களே, அவசரப்பட வேண்டாம். இந்த அம்மையார் குமிழ்களைத் திருகினார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம் குறியெண்கள் இல்லாமலே நாம் இலக்கின் நடுவைத் துளைத்திருக்கிறோம். குறியெண்கள் இல்லாமலே துளைக்க முடியுமென்றால் குமிழ்களால் பயனில்லை. குமிழ்களால் பயனில்லையென்றால் என் மைத்துனர் அவற்றுக்குத் தனியாக விலை வாங்குவது ஏன்? அவர் நேர்மையானவர். ஆகவே இவர் திருகவில்லை."

கைதட்டல் எழுந்தது.

"இவர் திருகவில்லையென்றால் அவை தாமாகவே திரும்பியிருக்கவேண்டும். தாமாகத் திரும்பும் குமிழ் நம்பத்தகாதது. நம்பத்தகாத எதற்கும் நான் முத்திரை வழங்கியதில்லை. ஆகவே அவை திரும்பவுமில்லை."

"ஆனால் நான் பூச்சியத்தைக் கண்டேனே," என்றார் கொம்மெந்தத்தோரே.

"எதன் வழியாகக் கண்டீர்கள், பிரெசிதெந்தே?"

"என் மூக்குக்கண்ணாடி வழியாக."

"மூக்குக்கண்ணாடிக்கு நாம் முத்திரை வழங்குவதில்லை," என்றார் பொறியியலாளர் மென்மையாக.

கொம்மெந்தத்தோரே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு றெபேக்கா இருந்த திசையைத் தோராயமாகப் பார்த்தார். "சிஞ்ஞோரா, என் நிலையையும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் தொட்டிருந்தால், தொடக்கூடாததைத் தொட்டதற்காக உங்களை விலக்கவேண்டும். தொடவில்லையென்றால், துடைக்கச் சொன்னதைத் துடைக்காததற்காக விலக்கவேண்டும். நீதி எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கைகளைக் கட்டிவிடுகிறது."

"துடைத்தேன், பிரெசிதெந்தே. எனக்கு அந்தக் கையொப்பம் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ கிடைக்காது."

"ஒவ்வொருவருக்கும் ஒரு துயரம் உண்டு. எனக்கு நாற்பத்தொன்று."

உறுப்பினர் ஒருவர், மீண்டும் ஒருமுறை சுட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டார். முன்னெப்போதும் எவரும் இப்படிக் கேட்டதில்லையாதலால், மறுப்பதற்குரிய விதி எதுவும் இருக்கவில்லை. கொம்மெந்தத்தோரே ஐந்து குண்டுகள் சுடுவார் என்றும், அவர் சுடுவதைச் சுரேஸ் சாட்சியாக நின்று பார்க்கவேண்டும் என்றும் முடிவாயிற்று.

"அப்படியானால் பள்ளத்தில் யார் இருப்பது?" என்று சுரேஸ் இத்தாலிய மொழியில் தன்னால் இயன்ற பணிவோடு கேட்டான்.

"நீ சாட்சி. சாட்சி பள்ளத்தில் இருப்பது முறையல்ல."

"நான் பள்ளத்தில் இருந்தால்தான் நல்லது, சிஞ்ஞோர்."

"பணியில் உனக்குள்ள பற்றுக் குறித்து மகிழ்ச்சி," என்றார் பொறியியலாளர். அவருடைய முகத்தில் வியர்வை துளிர்த்திருந்தது. எனினும், பள்ளத்தில் ஆள் வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வழியில்லை. ஏன் என்று எவரேனும் கேட்டுவிடுவார்கள்.

சுரேஸ் பின்வரிசையில் றெபேக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"சரி அக்கா, கதை முடிஞ்சுது."

"பென்சில் எங்கை?"

"காதிலை."

"அங்கை வைச்சிட்டு வந்திருக்கலாமெல்லே."

"தானாக் குத்துமே அது?"

குமிழ் நாற்பத்தொன்றுக்குத் திருப்பப்பட்டது. கொம்மெந்தத்தோரே படுத்தார். ஆடுகள் இலக்குகளை நோக்கிப் புறப்பட்டன. ஐந்து வெடிகளும் முழங்கி ஓய்ந்த பிறகு, பலகையை இரு உறுப்பினர்கள் தோளில் சுமந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். தாள் கடையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

றெபேக்கா இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறியியலாளர் குவாத்ரோக்கி தாளை நெடுநேரம் ஆராய்ந்தார். பின்புறத்தையும் ஆராய்ந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கனவான்களே, நம்பகத்தன்மை என்றால் என்ன? எல்லாக் குண்டுகளும் ஒரே இடத்தில் விழுவது. இந்தத் தாளில் ஒரு குண்டு ஓரிடத்திலும் மற்றொன்று வேறோரிடத்திலும் விழுந்ததற்கான சான்று ஏதேனும் உண்டா? இல்லை. எள்ளளவும் சிதறல் இல்லை. என் முப்பதாண்டு அனுபவத்தில் இத்தகைய ஒருமையை நான் கண்டதில்லை. ஐந்து குண்டுகளும் ஒரே இடத்துக்குச் சென்றிருக்கின்றன. அந்த இடம் எது என்பது இக்குழுவின் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது."

முதலில் ஒருவர் தட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். துளையற்ற தாளைச் சட்டமிட்டு மாட்டவேண்டும் என்று அங்கேயே தீர்மானிக்கப்பட்டது; இன்றும் அது நுழைவாயிலில் தொங்குகிறது. பொன்முத்திரைகள் ஒட்டப்பட்டன. மிக முக்கியமான தருணத்தில் பள்ளத்தை விட்டு விலகி நின்றதற்காகச் சுரேஸுக்கு வாய்மொழி எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

எஞ்சியிருந்தவள் றெபேக்கா.

"இவரை என்ன செய்வது?" என்று கொம்மெந்தத்தோரே கேட்டார்.

"எதுவும் செய்யக் கூடாது," என்றார் பொறியியலாளர். "நடக்காத ஒன்றுக்காக ஒருவரை விலக்கினால் அது நடந்ததாகிவிடும். எதுவும் நடக்கவில்லை என்று இவர் சொல்லிவிட்டால் போதும்."

அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். றெபேக்கா புனித உபெர்த்துஸைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, தான் எதையும் தொடவில்லை என்று சொன்னாள். அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு என்று அந்த வாக்கியத்தை மனத்தில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒப்பந்தம் இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது. கொம்மெந்தத்தோரே தங்கமூடிப் பேனையைத் திறந்தார். எல்லோரும் பார்க்கும்படி கையை உயர்த்தி, ஒரு கண்ணை மூடி, குறிபார்த்துக் கையொப்பமிட்டார். அது கோட்டுக்கு நான்கு விரல் மேலே, இரண்டு விரல் வலப்புறமாகப் போய், வெற்றிடத்தில் விழுந்தது.

பொறியியலாளர் எட்டிப் பார்த்தார். "கோடு பிழையாக அச்சாகியிருக்கிறது," என்றார்.

அடுத்த நாள் கொம்மெந்தத்தோரே பன்றி வேட்டைக்காக இத்தாலியப் பெருநிலத்துக்குப் புறப்பட்டார். திரும்பும் நாளை எவருக்கும் சொல்லவில்லை. றெபேக்கா ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, பலாரோவுக்கு அருகே குடியேறியவர்களின் ஆவணங்களை ஒழுங்குசெய்து கொடுக்கும் சிறிய அலுவலகத்துக்குப் போனாள். சந்தையில் மீன் வாங்க வந்திருந்த சுரேஸும் கூடவே வந்தான். மேசையில் இருந்தவள் அமலினி. பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவள். தாள்களை விறுவிறுவென்று புரட்டியவளின் கை கடைசிப் பக்கத்தில் நின்றது.

"அன்ரி, ஃபிர்மா கோட்டிலை இல்லையே. இது எங்கேயோ கிடக்கு."

"அது அவரின்ரை கையெழுத்துத்தான், பிள்ளை."

"ஓம், அல்லோரா, கையெழுத்துச் சரி. இடம் பிழை. கோட்டிலை இல்லையெண்டா இப்பிடியே திருப்பி அனுப்பிவிடுவினம். சிஞ்ஞோரிட்டைக் குடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு வாங்கோ."

"அவர் பண்டி சுடப் போயிட்டார்."

"எப்ப வருவார்?"

"பண்டி செத்தாத்தான்," என்றான் சுரேஸ்.

"அப்ப வரமாட்டார்," என்றாள் றெபேக்கா.

பெர்மெஸ்ஸோ முடிவதற்கு அந்த வாரந்தான் இருந்தது. அமலினி உதட்டைப் பிதுக்கினாள். வரிசையில் அடுத்து நின்றவர் செருமினார். றெபேக்கா கையொப்பத்தைப் பார்த்தாள். பெரிய, அழகான, சுழிகள் நிறைந்த கையொப்பம். அதில் எந்தக் குறையும் இல்லை. அது நிற்கும் இடத்தில் ஒன்றும் இல்லை என்பதே அதன் குறை. அவள் திரும்பாமலே சுரேஸிடம் கையை நீட்டினாள்.

"தம்பி, அதைத் தாரும்."

சுரேஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தான்.

"பென்சில் செல்லாது அன்ரி," என்றாள் அமலினி. சற்று யோசித்தாள். பிறகு கறுப்புப் பேனையொன்றையும் அடிமட்டத்தையும் மேசைமீது தள்ளிவிட்டு, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

றெபேக்கா அடிமட்டத்தைக் கையொப்பத்தின் அடியில் பொருத்தி, ஒரு கோடு இழுத்தாள். மற்றக் கோட்டைப்போலவே நீளமாக, நேராக.

அமலினி திரும்பித் தாளை எடுத்தாள். "பழைய கோடு?"

"அது பிழையா அச்சடிச்சதாம். இஞ்சினியர் சொன்னவர்."

"இஞ்சினியரோ? அப்ப சரி." அமலினி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இப்ப கோட்டிலைதான் இருக்கு." மற்றத் தாள்களுடன் சேர்த்து உறையில் இட்டாள்.

சுரேஸ் பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டான்.

"தலைவருக்கு நடுவிலைதான், அக்கா," என்றான்.